வெயிலில் நிறம் இருக்கிறதா, கண்ணாடி போடுகிறதா?

ஜூன் 16, இரவு 9.40

ஒரு கேள்வி, பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது. இன்று காலை ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் மூக்கில் எட்டுக்கல் பேசரி. வெயில் பட்டதும் தூணில் சிவப்பு, பச்சை, நீலமாகப் பொட்டுப் பொட்டாக விழுந்தது, அவள் தலையை ஆட்டினால் பொட்டெல்லாம் ஓடியது. ஏழாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள் கேட்டாள், "மாமா, இந்தக் கலரெல்லாம் கல்லுல இருக்கா, வெயில்ல இருக்கா?" வெயிலில்தான் இருக்கிறது, கல் பிரித்துக் காட்டுகிறது என்றேன். "பிரிக்குதுன்னு எப்படித் தெரியும்? கல்லே போட்டிருந்தா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

வெள்ளை ஒளி ஏழு நிறங்களால் ஆனது என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான், யாரும் எனக்கு நிரூபித்துக் காட்டியதில்லை. சிவப்பு வளையல் வழியே வெயில் போனால் தரையில் சிவப்பு விழுகிறது, அங்கே கண்ணாடிதானே நிறம் போடுகிறது? அப்படியிருக்க பேசரிக் கல் மட்டும் போடவில்லை, பிரிக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? புத்தகத்தைக் காட்டாமல், வீட்டில் செய்து காட்டும்படியான ஒரு சோதனை வேண்டும்.

ஜூன் 17

பாதிப் பேர் நியூட்டன் தட்டு செய்யச் சொல்லியிருக்கிறீர்கள். செய்துவிட்டேன். அட்டையை வட்டமாக வெட்டி ஏழு நிறம் தீட்டி பம்பரத்தின் தலையில் ஒட்டிச் சுற்றினோம். வெள்ளை வரவில்லை, அழுக்குச் சாம்பல்தான் வந்தது, சரி, சாயம் சுத்தமாக இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் பால் வெள்ளையே வந்திருந்தாலும் அவள் கேள்விக்கு அது பதில் ஆகாது. வேகமாகச் சுற்றும்போது நம் கண்ணுக்கு நிறங்களைத் தனித்தனியாகப் பிடிக்க முடியவில்லை, அதைத்தான் அந்தத் தட்டு காட்டுகிறது. சூரியனிலிருந்து வருவது ஏற்கெனவே கலந்து வருகிறதா என்பதைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. இத்தனை வருடம் பள்ளிக்கூடங்களில் இதைச் சான்றாகக் காட்டிவருகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஜூன் 17, இரவு

சிடியை வெயிலில் காட்டினாலும் இதே நிறங்கள்தானே, நிறம் பிரிக்கும் முக்கோணக் கண்ணாடிக் கட்டியான பட்டகத்துக்கு எங்கே போவது, சிடி போதும் என்று எனக்கே தோன்றுகிறது. பழைய பக்திப்பாட்டு சிடி ஒன்று கிடக்கிறது. நாளை பார்க்கிறேன்.

ஜூன் 19

மேலே சிடி பற்றி எழுதியதைத் திருத்துகிறேன். நிறங்கள் ஒன்றுதான், நடக்கும் வேலை வேறு. சிடியில் 1.6 மைக்ரான் இடைவெளியில் நெருக்க நெருக்கமாகத் தடங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு தடத்திலிருந்தும் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று சேரும் கோணம் அலைநீளத்துக்கு (ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நீளம்) ஏற்ப மாறுகிறது, அதனால் நிறம் பிரிகிறது. இது விளிம்பு விளைவு. பட்டகத்தில் நடப்பது ஒளிவிலகல், அதாவது கண்ணாடிக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒளி வளைவது. வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்: சிடியில் நேராகத் திரும்பும் வெள்ளைப் பொட்டிலிருந்து தள்ளிப்போகப் போக முதலில் ஊதா, கடைசியில் சிவப்பு. அதாவது சிவப்புதான் அதிகம் விலகுகிறது. பட்டகத்தில் தலைகீழ், ஊதாதான் அதிகம் வளைகிறது.

இந்தத் தலைகீழ் விஷயத்தை அக்கா மகளிடம் சொன்னேன், அவள் சட்டென்று சொன்னது: "ரெண்டும் வேற வேற மாதிரி பண்ணியும் அதே கலர்தானே வருது? அப்ப வெயில்லதான் இருக்கு போல." போல என்றுதான் சொன்னாள். ஆனால் நான் சொன்ன எதையும்விட இது நல்ல வாதம்.

சிடி வைத்துப் பார்க்கிறவர்கள் கவனம், சூரியனின் பிம்பம் நேராகக் கண்ணில் விழும்படி பிடிக்கக் கூடாது. சுவரில் விழவைத்துப் பாருங்கள்.

ஜூன் 22

நியூட்டன் என்ன செய்தார் என்று தேடிப் படித்தேன். இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் என் அக்கா மகள் இல்லை, 350 வருடத்துக்கு முன்னால் பெரிய பெரிய ஆட்களே கண்ணாடிதான் ஒளியை மாற்றி நிறமாக்குகிறது என்று நம்பியிருக்கிறார்கள். வெள்ளைதான் சுத்தம், நிறம் என்பது அது கெட்டுப்போன நிலை என்று நினைப்பு.

1666இல் பட்டகம் ஒன்று வாங்கியதாக அவரே எழுதுகிறார். அறையை இருட்டாக்கி, ஜன்னல் கதவில் கால் அங்குல ஓட்டை போட்டு, பட்டகத்தை ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்து, 22 அடி தள்ளி எதிர்ச் சுவரில் நிறங்களை விழவைத்தார். பட்டகத்தால் நிறங்களை விழவைப்பது மற்றவர்களும் செய்ததுதான். அவர் செய்த புதிய காரியம், அளந்தது. விழுந்த நிறப் பட்டையின் அகலம் 2⅝ அங்குலம், நீளம் 13¼ அங்குலம். ஓட்டை வட்டம், சூரியன் வட்டம், பிறகு சுவரில் விழுவது ஏன் ஐந்து மடங்கு நீளமாக இருக்கிறது? அவரைப் பிடித்து உலுக்கிய கேள்வி இதுதான். நிறத்தைப் பற்றிக்கூட இல்லை, வடிவத்தைப் பற்றி.

அகலம் சரியாகவே இருந்தது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்து அசந்துபோனேன். சூரியன் வானத்தில் ஏறத்தாழ அரை பாகை அகலம். 22 அடியில் அது 2⅜ அங்குலம், ஓட்டையின் கால் அங்குலத்தைக் கூட்டினால் 2⅝. நீளம் மட்டும்தான் கணக்குக்கு அடங்கவில்லை. அதனால் எல்லாக் கதிரும் ஒரே அளவு வளையவில்லை, ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு வளைகிறது என்று போனார். 1672இல் லண்டனில் உள்ள அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதி அச்சில் வந்தது.

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று நினைவு வரும். ஓடு உடைந்த இடம் எந்தக் கோணல் வடிவில் இருந்தாலும் தரையில் விழும் வெயில் காசு மாதிரி வட்டமாகத்தான் இருக்கும். அது சூரியனின் படம். எத்தனை மத்தியானம் அந்த வட்டத்தில் கையை வைத்து விளையாடியிருக்கிறோம்.

ஜூன் 23

பாளையங்கோட்டையில் பள்ளி ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் பட்டகம் கிடைத்தது. இரண்டு வாங்கினேன், இரண்டாவது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். கிழக்கு ஜன்னலை அட்டையால் அடைத்து, கால் அங்குல ஓட்டை போட்டு, கதவிடுக்கில் ஆச்சியின் பழைய சேலையைச் செருகி அறையை இருட்டாக்கினோம். காலை 9 மணிக்குச் சூரியன் சுமார் 39 பாகை உயரத்தில் இருந்தது. நம் சாதாரண அறுபது பாகைக் கண்ணாடிப் பட்டகம் ஒளியை வளைப்பதும் ஏறத்தாழ அவ்வளவுதான். அடிப்பக்கம் மேலே இருக்கும்படி பிடித்தால் கீழே சாய்ந்து வரும் கதிர் நிமிர்ந்து எதிர்ச் சுவருக்கு நேராகப் போகிறது. இது திட்டமிட்டதில்லை, தானாக அமைந்தது.

சுவரில் விழுந்தபோது மூன்று பேரும் பேசவில்லை. மேலே ஊதா, கீழே சிவப்பு. புத்தகத்தில் அச்சடித்திருக்கும் வானவில் நிறங்கள் எல்லாம் சாயம் போனவை என்று அப்போதுதான் தெரிந்தது. நடுவில் இருந்த பச்சை மாதிரி ஒரு பச்சையை நான் பதினொரு வருடம் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தும் எந்தத் துணியிலும் பார்த்ததில்லை.

ஒன்பது அடி தூரம். அகலம் 1¼ அங்குலம், நீளம் ஏறத்தாழ 4 அங்குலம். நியூட்டனுக்கு ஐந்து மடங்கு, எனக்கு மூன்று மடங்குதான். சுவர் பக்கத்தில் இருப்பதால் என்று நினைக்கிறேன்.

செய்யப் போகிறவர்களுக்கு: சூரியன் நிற்காது. நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது, ஒன்பது அடியில் அது நிமிடத்துக்கு அரை அங்குலம். அளக்கப் பென்சில் எடுத்துவருவதற்குள் பட்டை நழுவிவிடும். முதலிலேயே காகிதம் ஒட்டித் தயாராக இருங்கள்.

ஜூன் 24

தூரத்தால் என்று எழுதியது தப்பு. தூரம் கூடினால் நீளமும் கூடும், அகலமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடும். விகிதம் மாறுவதற்குக் காரணம் கண்ணாடியின் வகையும் பட்டகத்தின் கோணமும். எல்லாக் கண்ணாடியும் நிறங்களை ஒரே அளவு விரிப்பதில்லை. இதில் நியூட்டனே சறுக்கினார். வளைவு எவ்வளவோ அதே விகிதத்தில்தான் நிறம் விரியும், ஆகவே லென்ஸ் தொலைநோக்கியில் வரும் நிறக் கறையைப் போக்கவே முடியாது என்று முடிவுகட்டி, லென்ஸுக்குப் பதில் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஆடி பதித்த தொலைநோக்கி செய்யப் போய்விட்டார். அவர் இறந்து சில வருடங்களில் இருவகைக் கண்ணாடியைச் சேர்த்து அந்தக் கறையைப் போக்கிவிட்டார்கள். இன்றைக்குக் கேமரா லென்ஸில் அதுதான் இருக்கிறது.

ஜூன் 26

இரண்டாவது பட்டகம் எதற்கென்றால், இதற்கு. கறுப்பு அட்டையில் ஒரு துளை போட்டு, சுவருக்குப் போகும் நிறங்களில் பச்சையை மட்டும் துளை வழியே விட்டு, அதை இரண்டாவது பட்டகத்தில் விழவைப்பது. கண்ணாடிதான் நிறம் போடும் என்றால் பச்சைக்கும் ஏதாவது போட வேண்டும். ஒன்றும் போடவில்லையென்றால் அதன் வேலை பிரிப்பது மட்டும்தான்.

இன்று செய்தோம், தோற்றுப்போனோம். பச்சை இரண்டாவது பட்டகத்திலும் விரிந்தது! ஒரு ஓரம் மஞ்சள் கலந்த பச்சை, மறு ஓரம் நீலம் கலந்த பச்சை. அக்கா மகள் என்னைப் பார்த்தாள். "நியூட்டன் தப்பா?" என்றாள்.

ஜூன் 27

ராத்திரி முழுக்க இதே நினைப்பு. சுவரில் விழும் பட்டை ஒன்று இல்லை, ஆயிரம் வட்டங்கள். சிவப்புச் சூரியன், ஆரஞ்சுச் சூரியன், மஞ்சள் சூரியன் என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சூரிய வட்டம், ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் கொஞ்சம் தள்ளி விழுகிறது, சட்டியில் அடுக்கிய அப்பளம் மாதிரி. ஆகவே நான் பச்சை என்று துளையில் பிடித்தது பச்சை மட்டும் இல்லை, பக்கத்து நிறங்களின் வட்டங்களும் அதில் படிந்திருந்தன. பச்சையைச் சுத்தமாகப் பிடிக்காதது என் குறை.

ஜூன் 29

நடந்துவிட்டது. ஜன்னல் ஓட்டையை ஊசித் துளைக்குக் கொஞ்சம் பெரிதாகச் சுருக்கினோம், அதற்கும் அப்பால் முகம் பார்க்கும் கண்ணாடியில் திருப்பி வராந்தாவிலிருந்தே ஒளியைக் கொண்டுவந்தோம், கறுப்பு அட்டையை ஏழு அடி தள்ளி வைத்து மெல்லிய கீற்றாக வெட்டினோம். வெளிச்சம் ரொம்பக் குறைவு, கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் ஆனது. பச்சை உள்ளே போனது, வளைந்தது, பச்சையாகவே வெளியே வந்தது. ஓரத்தில் மிக மெல்லிய மாறுதல் இருந்தது, பொய் சொல்லவில்லை, ஆனால் சிவப்பும் இல்லை ஊதாவும் இல்லை. சிவப்பைப் பிடித்து விட்டோம், சிவப்பாகவே வந்தது, பச்சையைவிடக் குறைவாக வளைந்தது. நீலம் அதிகம் வளைந்தது.

"கண்ணாடிதான் கலர் போடுதுன்னா பச்சைக்கும் செவப்பு போட்டிருக்கணும்ல?" என்றாள். அவளே சொல்லிவிட்டாள், நான் வாயே திறக்கவில்லை.

அந்தக் கீற்றை விட மனமில்லாமல் முதல் நாள் சொன்ன வளையலையும் சோதித்தோம். சிவப்பு வளையல் துண்டைப் பச்சை ஒளியில் காட்டினால் நிழல் கறுப்பு. சிவப்பு ஒளியில் காட்டினால் ஒளி தாராளமாகப் போகிறது. அதாவது வளையலும் நிறம் போடவில்லை! மற்ற நிறங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு சிவப்பை மட்டும் விடுகிறது. முதல் குறிப்பில் நான் எழுதியது தலைகீழ்.

ஜூன் 30

பிரித்ததைத் திரும்பச் சேர்த்தால் வெள்ளை வர வேண்டுமே என்று ஒருவர் கேட்டிருந்தார். வந்தது. நிறப் பட்டைக்கு நடுவே தாத்தாவின் பெரிய பூதக்கண்ணாடியை வைத்தால் நிறங்கள் ஒரே இடத்தில் குவிகின்றன, அங்கே காகிதத்தைப் பிடித்தால் வெள்ளைப் பொட்டு. காகிதத்தை இன்னும் பின்னால் கொண்டுபோனால் நிறங்கள் மறுபடி பிரிந்து, மேல்கீழ் மாறி விழுகின்றன. நியூட்டனும் இதைச் செய்திருக்கிறார், அவர் சீப்பு வைத்து நிறங்களை மறைத்தார். எங்களிடம் தென்னை ஈர்க்குச்சி. லென்ஸுக்கு முன்னால் ஈர்க்குச்சிகளைச் சேர்த்துப் பிடித்துச் சிவப்பை மறைத்ததும் வெள்ளைப் பொட்டு நீலப்பச்சையாக மாறியது. குச்சியை எடுத்தால் வெள்ளை. நீலத்தை மறைத்தால் மஞ்சள். ஒரு மணி நேரம் இதையே செய்துகொண்டிருந்தோம், சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை.

இதைப் பார்த்தபோதுதான் சொட்டு நீலத்தின் சூட்சுமம் புரிந்தது. வேட்டி பழுப்பானால் அது நீல ஒளியைத் தின்கிறது. நீலம் போட்டால் அந்தச் சாயம் மஞ்சள் பக்கத்தைத் தின்று சமன் செய்கிறது. வேட்டி வெளுப்பதில்லை, நிறம் சமமாகிறது.

ஜூலை 3

ஊதா ஏன் அதிகம் வளைகிறது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நான் புரிந்துகொண்ட அளவில்: கண்ணாடிக்குள் ஒளி மெதுவாகிறது. வெறும் வெளியில் எல்லா நிறத்துக்கும் ஒரே வேகம், நொடிக்குச் சுமார் 3,00,000 கிலோமீட்டர். சாதாரணக் கண்ணாடிக்குள் சிவப்பு சுமார் 1,98,000, ஊதா சுமார் 1,96,000. இந்தச் சின்ன வித்தியாசம்தான் அத்தனை அழகுக்கும் காரணம்.

மெதுவானால் ஏன் வளைய வேண்டும்? தாமிரபரணி மணலில் மாட்டு வண்டி இறக்கியவர்களுக்குத் தெரியும். கெட்டித் தரையிலிருந்து மணலுக்குள் சாய்வாக இறங்கினால் எந்தச் சக்கரம் முதலில் மணலைத் தொடுகிறதோ அது பிந்தும், மற்றது முந்தும், வண்டி தானாகத் திரும்பும். நேராக இறங்கினால் திரும்பாது. எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவு திருப்பம்.

ஊதா மட்டும் ஏன் அதிகம் பிந்துகிறது என்பது அடுத்தது. கண்ணாடியின் அணுக்களில் உள்ள எலக்ட்ரான்கள் ஊஞ்சல் மாதிரி, அவற்றுக்கென்று ஒரு தாளம் உண்டு, கண்ணாடியில் அந்தத் தாளம் புறஊதாவில் இருக்கிறது. வரும் ஒளியின் தாளம் அதற்கு நெருங்க நெருங்க ஊஞ்சல் அதிகம் ஆடி ஒளியை அதிகம் பிந்த வைக்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவதில் அதற்கு மிக அருகில் இருப்பது ஊதா.

ஜூலை 4

ஜன்னல் கண்ணாடி ஏன் பிரிப்பதில்லை? பிரிக்கிறது, உள்ளே போகும்போது. இரண்டு பக்கமும் இணையாக இருப்பதால் வெளியே வரும்போது எல்லா நிறமும் பழைய திசைக்கே திரும்பிவிடுகிறது. மயிரிழை தள்ளி வரும், கலந்துவிடும்.

ஜூலை 7

காலை ஏழரைக்குச் சாரல். மாடியிலிருந்து பார்த்தால் பொதிகை மலைப் பக்கம் முழு வானவில், வெளியே மங்கலாக இன்னொன்று. ஆடு மேய்க்கப் போகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள். நம் ஊருக்கு இது ஒரு கொடுப்பினை. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் காலையில் கிழக்கே வெயில், மேற்கே மலையில் சாரல். ஆகவே வில் மலைமேல். ஐப்பசி, கார்த்திகையில் மாறிவிடும், சாயங்கால வெயில் மேற்கே, மழை கிழக்கே, வில் கிழக்கு வானத்தில். எப்போதும் சூரியன் முதுகுப் பக்கம்.

சூரியனுக்கு நேர் எதிர்ப் புள்ளியிலிருந்து சிவப்பு 42 பாகை, ஊதா 40 பாகை. துளிக்குள் நுழையும்போது வளைந்து, பின்சுவரில் ஒரு முறை திரும்பி, வெளியே வரும்போது மறுபடி வளைகிறது. வெளி வில் துளிக்குள் இரண்டு முறை திரும்பிய ஒளி, அதனால் நிற வரிசை தலைகீழ், வெளிறியும் இருக்கும். இரண்டு வில்லுக்கும் நடுவே வானம் இருண்டிருந்தது, இன்றுதான் கவனித்தேன். இன்னொன்று, சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் தரையில் நிற்பவனுக்கு வில் கிடையாது. இந்த மாதத்தில் காலை 9 மணி சுமாருக்குப் பிறகு மாலை 3½ மணி வரை வானத்தில் தேட வேண்டாம். அருவித் திவலையை மேலேயிருந்து குனிந்து பார்த்தால் மட்டும் உச்சி வெயிலிலும் தெரியும்.

துளி ஒவ்வொன்றும் என் கண்ணுக்கு ஒரே ஒரு நிறத்தைத்தான் அனுப்புகிறது, மற்ற நிறங்கள் என் தலைக்கு மேலும் கீழும் போய்விடுகின்றன. பக்கத்தில் நின்ற அக்கா மகள் பார்த்தது வேறு துளிகளின் வில். இதைச் சொன்னதும் அவள் ரொம்ப நேரம் பேசவில்லை.

ஜூலை 9

தலைப்பை விட்டு விலகுகிறேன், ஆனால் இது என் பிழைப்பு. ஜவுளிக்கடையில் இருந்தபோது ஒரு கல்யாணப் பட்டுக்கு ஜாக்கெட் துணி ஒத்துப்போட்டுக் கொடுத்தேன். கடை விளக்கில் இரண்டும் ஒரே அரக்கு. மறுநாள் பெண்ணின் அம்மா வாசல் வெயிலில் விரித்துக் காட்டினார்கள், ஒன்று அரக்கு, ஒன்று செங்கல். முதலாளி என் சம்பளத்தில் பிடித்தார். கவனக்குறைவு என்று நானும் நம்பினேன். இப்போது சிடியில் விளக்குகளைப் பார்த்தபோதுதான் தெரிகிறது: குண்டு பல்பில் நிறங்கள் விடாமல் தொடர்ந்து இருக்கின்றன. பழைய சிஎஃப்எல்லில் தனித்தனிக் கோடுகள், நடுவில் இருட்டு. வெள்ளை எல்இடி என்பது நீல விளக்கின்மேல் மஞ்சள் பூச்சு, நீலம் பளிச்சென்று, அதற்கும் பச்சைக்கும் நடுவே ஒரு பள்ளம். மூன்றும் பார்வைக்கு வெள்ளைதான். ஆனால் விளக்கில் இல்லாத நிறத்தைத் துணி எப்படித் திருப்பி அனுப்பும்? இரண்டு சாயங்கள் ஒரு வெள்ளையில் ஒன்றாகவும் இன்னொரு வெள்ளையில் வேறாகவும் தெரிவது இதனால்தான். சேலையை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கும் பெண்களைக் கடைக்காரர்கள் யாரும் சலித்துக்கொள்ளாதீர்கள், அவர்கள் செய்வது சரி.

ஜூலை 10

மேலே சொன்னதற்கு ஒரு துணுக்கு. கேஸ் அடுப்புத் தீயில் தூத்துக்குடி உப்பை ஒரு சிட்டிகை தூவினால் மஞ்சள் தீ. சிடியில் பார்த்தால் அந்த மஞ்சள் ஒரே இடத்தில் பளிச்சென்று நிற்கிறது, அலைநீளம் 589 நானோமீட்டர். உப்பில் உள்ள சோடியத்தின் கையெழுத்து. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது குண்டூரில் ஜான்சன் என்ற பிரெஞ்சுக்காரர் சூரிய விளிம்பின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். அந்த ஆண்டுதான் சோடியத்துக்கு அருகே, ஆனால் சோடியம் அல்லாத ஒரு மஞ்சள் கோடு சூரிய ஒளியில் பதிவானது. அதுதான் ஹீலியம். பூமியில் அது கையில் கிடைக்க 1895 ஆனது. சூரியனில் என்ன இருக்கிறது என்று அங்கே போகாமலே தெரிந்துகொண்டது, ஒளியைப் பிரிக்கத் தெரிந்ததால்.

ஜூலை 13

ஏழு நிறமா? சுவரில் பென்சிலால் கோடு போட்டு எண்ணச் சொன்னேன். அக்கா மகளுக்கு ஆறு, எனக்கு ஐந்து. கருநீலம் என்று தனியாக ஒன்றை இருவராலும் காட்ட முடியவில்லை. நியூட்டனும் முதலில் ஐந்துதான் சொன்னார், பிறகு இசையின் ஏழு சுரங்களுக்கு ஒப்பாக இருக்கட்டும் என்று ஆரஞ்சையும் கருநீலத்தையும் சேர்த்தார். உள்ளபடி எல்லையே கிடையாது, ஒன்று இன்னொன்றாக நழுவுகிறது.

ஆச்சி நாலு என்றாள். சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா. அவள் ஊதா என்று காட்டியது நீலத்தை. நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கும் நீலம்தான் ஊதா, உண்மையான ஊதாவைக் கத்திரிப்பூ நிறம் என்பார்கள். பெயர்க் குழப்பம், அவ்வளவுதான்.

ஜூலை 15

பேசரியில் நிறம் நிறைய அடித்தால் அசல் வைரம் என்று தென்காசிக்காரர் எழுதியிருக்கிறார். அதை நம்பி வாங்காதீர்கள். அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கும் கல் வைரத்தைவிட அதிகமாக நிறம் பிரிக்கும். வைரத்துக்கு ஒளிவிலகல் எண் 2.42, அதாவது அதற்குள் ஒளி வெறும் வெளியைவிட 2.42 மடங்கு மெதுவாகப் போகும், அதனால் உள்ளே போன ஒளி எளிதில் வெளியேறாமல் திரும்பித் திரும்பி அடித்து வருகிறது, அந்த வெண்மினுக்கில்தான் அது உசத்தி. நிறப்பிரிகையை மட்டும் பார்த்தால் போலிக்கல் ஜெயித்துவிடும்.

ஜூலை 20

13ஆம் தேதி ஆச்சியைப் பற்றி எழுதியதைத் திருத்த வேண்டும்.

இன்று காலை மறுபடி நிறப் பட்டையை விழவைத்தபோது ஆச்சி வந்து உட்கார்ந்தாள். கத்திரிப்பூ நிறம் எங்கே முடிகிறது, விரலை வை என்று அக்கா மகள் கேட்டாள். ஆச்சி நீலம் முடியும் இடத்தில் விரலை வைத்து, இதுக்கு மேல சுவருதான் என்றாள். எங்கள் இருவருக்கும் அதற்கு மேலே முக்கால் அங்குலம் ஊதா நன்றாகத் தெரிகிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆச்சிக்கு இடது கண்ணில் தை மாதம் புரை எடுத்து லென்ஸ் வைத்தது, வலது கண் இன்னும் செய்யவில்லை. இடது கண்ணில்தான் கொஞ்ச நாளாக நீர் வடிகிறது என்று முந்தானையால் பொத்திக்கொண்டே இருக்கிறாள். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள், இன்றும் அப்படித்தான்.

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்க்கச் சொன்னோம்.

வயதானால் கண்ணின் லென்ஸ் பழுப்பேறுகிறது. சிவப்பு வளையல் பச்சையைப் பிடித்துவைத்துக்கொண்டது போல அது ஊதாவைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. சுவரில் ஊதா விழுந்துகொண்டுதான் இருந்தது, அவள் கண்ணுக்குள் போகவில்லை. நான் பெயர்க் குழப்பம் என்று எழுதிவிட்டேன்.

ஆச்சி விரலை மெல்ல மேலே நகர்த்தினாள். முக்கால் அங்குலம், எங்கள் கோட்டுக்கும் ஒரு நூல் மேலே போய் நிறுத்தினாள். "ஏட்டி, கத்திரிப்பூ இருக்கு," என்றாள். பிறகு முந்தானையை எடுத்து வலது கண்ணில் வைத்துக்கொண்டு பேசரி நிழல் விழும் தூணைப் பார்க்கத் திண்ணைக்குப் போய்விட்டாள். நீர் வடிவதைக் காட்ட திங்கட்கிழமை அவளைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன், வலது கண்ணுக்கும் அப்படியே நாள் குறித்துவிட வேண்டும்.